புத்தக விடையோடு உங்கள் விடை ஒத்துப்போகவில்லையா? கழித்துப் பாருங்கள்

பிளஸ் ஒன் பிள்ளைகள் தொகையிடல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, புத்தகத்தின் பின்பக்க விடை வேறாக இருப்பதைப் பார்த்து அடித்துவிடுகிறார்கள். அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கணக்கு: சைன் θ × காஸ் θ.

சைனைப் பிரதியிட்டால் சைன்²θ/2 + சி (சி என்பது தொகையிடல் மாறிலி, ஏதோ ஒரு எண்). காஸைப் பிரதியிட்டால் −காஸ்²θ/2 + சி. இரட்டைக் கோண வாய்பாட்டில் போனால் −காஸ் 2θ/4 + சி. மூன்றும் சரி.

படி 1: உங்கள் விடையை வகையிடுங்கள். கேள்வி திரும்பி வந்தால் விடை சரி.

படி 2: சி-யை விட்டுவிட்டு, ஒரு விடையிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். முதல் இரண்டில்: சைன்²θ/2 + காஸ்²θ/2 = 1/2. θ காணாமல் போய் எண் மட்டும் மிஞ்சியது. முதலுக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் 1/4.

சிக்கல் வரும் இடம் இதுதான். இரண்டு விடையையும் சமப்படுத்தி, இருபுறமும் உள்ள சி-யை அடித்தால் 1/2 = 0 என்று வந்து நிற்கும். எழுத்து ஒன்றுதான், எண் வேறு. சி₁, சி₂ என்றே எழுதுங்கள். அப்போது சி₂ = சி₁ + 1/2 என்று வரும், முரண்பாடே இல்லை.

லாக் (இயல் மடக்கை) வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1/(2θ)-வுக்கு ஒருவர் ½ லாக்|θ| என்பார், இன்னொருவர் ½ லாக்|2θ| என்பார். வித்தியாசம் ½ லாக் 2. பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அதுவும் வெறும் எண்தான், சுமார் 0.347.

படி 3: சரிபார்க்க எனக்கு டெஸ்மாஸ் என்ற வரைபடச் செயலிதான் பிடிக்கும். இரண்டு வளைவரைகளையும் வரைந்து கண்ணால் ஒப்பிடாதீர்கள். செங்குத்தாக ஏறும் இடத்தில் இடைவெளி குறைவது போலத் தோன்றும். வித்தியாசத்தையே வரையுங்கள், கிடைக்கோடு வர வேண்டும். பைத்தானில் தொகையிடப் பயன்படும் சிம்பை நிரல் தொகுப்பு விடையில் சி-யைப் போடாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: "கழித்தால் இரண்டு கிடைக்கோடு வருகிறதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. அவர் எடுத்தது 1/(1+θ²). டேன் இன்வர்ஸ் θ ஒரு விடை, −டேன் இன்வர்ஸ் (1/θ) இன்னொன்று. வித்தியாசம் θ > 0 என்றால் π/2, θ < 0 என்றால் −π/2. பூஜ்ஜியத்தில் 1/θ இல்லாததால் கோடு அங்கே அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி சி. அதனால் −1 முதல் 1 வரை தொகையிட இரண்டாவது விடையை எடுக்காதீர்கள். எப்போதும் மிகையாக உள்ள சார்புக்கு −π/2 என்று பரப்பு வரும். சரியான விடை π/2.