டிலன் ஒத்திகை கேசட்டைச் சுருதி சுத்தமாகக் கணினியில் ஏற்றுவது எப்படி

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1975 அக்டோபரில் நியூயார்க்கின் எஸ்.ஐ.ஆர். ஸ்டூடியோவிலும், 1978 உலகச் சுற்றுப்பயணத்துக்கு முன் சான்டா மோனிகாவின் ரன்டவுன் ஸ்டூடியோவிலும் நடத்திய ஒத்திகைகள் பல ஆண்டுகள் கைமாறிய கேசட்டுகளாகத்தான் ரசிகர்களிடம் உலவின. பெரும்பாலும் பிரதியின் பிரதி. நகலெடுத்த ஒவ்வொரு டெக்கும் (கேசட் ஓட்டும் கருவி) கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும் என்பதால், கைக்கு வரும் டேப்பில் டிலனின் குரலே வேறு யாருடையதோ போல ஒலிக்கும். இரைச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேகம்.

கேசட்டை எடுத்தவுடன் பாட விடாதீர்கள். கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். ஹெட்டுக்கு (டேப்பைப் படிக்கும் காந்த முனை) எதிரே டேப்பை அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், டேப்பைத் திருகு வைத்த வேறு கூட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து வெடிக்கும். துளி சோப்பு கலந்த தண்ணீர் போதும்.

அடுத்து ஹெட்டின் சாய்வு. இரண்டு சேனலையும் மோனோவாக்கி ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சாய்வுத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். டிரம்ஸில் சிம்பல் தட்டின் ஓசை எங்கே மிகத் தெளிவாகிறதோ அதுதான் இடம். ஸ்டீரியோவில் கேட்டால் இந்த வித்தியாசம் பிடிபடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். திருகின் பழைய நிலையைப் பேனாவால் குறித்து வைத்தால் பிறகு திரும்ப வைக்கலாம்.

டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி அணைந்திருக்கட்டும். பல டெக் தாண்டி வந்த பிரதியில் ஒலியளவு மாறியிருக்கும். டால்பியைப் போட்டால் மேல் ஓசை மழுங்கிவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் −6 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஒத்திகையில் ஆட்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே டிரம்ஸ் திடீரென்று முழங்கும். ஆகவே அளவைப் பேச்சை வைத்து முடிவு செய்யாமல், இருப்பதிலேயே சத்தமான பாட்டை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த மூலக் கோப்பில் எப்போதும் கை வைக்காதீர்கள். எல்லாத் திருத்தமும் நகலில்தான்.

இப்போது வேகம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பதிவானபோது ஆம்ப்ளிஃபையரின் ஹம், அதாவது மின்சாரத்தின் அதே 60 ஹெர்ட்ஸ் முனகல், டேப்பிலும் ஏறியிருக்கும். நகலை 8,000 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து, யாரும் வாசிக்காத ஒரு 30 விநாடியைத் தேர்ந்து, ஒலித்திருத்த மென்பொருளில் அலைமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம், ஸ்பெக்ட்ரம்) 65,536 என்ற அளவு வைத்துப் பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸிலேயே பார்த்தால் கட்டங்கள் ஒன்றரை ஹெர்ட்ஸ் அகலம், பயன்படாது. ஹம் 61.8-இல் நின்றால் டேப் 3 சதவீதம் வேகம், அதாவது ஏறத்தாழ அரை ஸ்வரஸ்தானம் கூடுதல். திருத்தம் 60 ÷ 61.8 = 0.971, அதாவது −2.91 சதவீதம். −3 போட்டால் சுருதி சற்றே இறங்கிவிடும். வேகத்தை மாற்றும் கருவியையே எடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவி தாளத்தைப் பழைய தப்பான வேகத்திலேயே விட்டுவிடும்.

சில டேப்பில் இரண்டு மூன்று ஹம் கோடுகள் தெரியும். டேப்பை நிறுத்திய பிறகும் அசையாமல் நிற்பது உங்கள் கம்பியிலிருந்து வருவது. 50-ஐ ஒட்டி நிற்பது ஐரோப்பாவில் நகலெடுத்தபோது சேர்ந்ததாக இருக்கலாம். எது மூலம் என்று குழம்பினால் ஹார்மோனிகாவிடம் போங்கள். கிட்டாரைச் சுருதி இறக்கலாம், கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) போடலாம். ஹார்மோனிகாவின் நாக்குகள் அப்படி மாறாது. கீழ்த் துளைகளில் ஊதி எழுப்பிய நீண்ட ஸ்வரத்தை எடுங்கள். உறிஞ்சும் ஸ்வரங்களை வளைத்திருக்கக்கூடும். பல ஹார்மோனிகாக்கள் பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு (ஏ ஸ்வரம்) ஓரிரு ஹெர்ட்ஸ் மேலேதான் சுருதி செய்யப்படுகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். பக்கத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் சோதியுங்கள்; வேகம் வழியில் மாறுவது சாதாரணம்.

பேச்சையும் பாதியில் நின்றுபோன தொடக்கங்களையும் வெட்டவே வெட்டாதீர்கள். பாட்டு எந்தச் சுருதிக்கு, எந்தத் தாளத்துக்கு நகர்கிறது என்பது அங்கேதான் கேட்கும். ஒத்திகை டேப்பின் உயிரே அதுதான். குறுந்தகட்டுக்காகத் துண்டு போட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸில் 588 சாம்பிளின் (குறுந்தகட்டின் ஒரு கட்டத்தின் அளவு) மடங்குகளில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் பாட்டுக்குப் பாட்டு ஒரு ‘டிக்’ விழும். சேமிப்பது ஃபிளாக்கில் (FLAC, தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை).

கேசட் உறையில் எழுதியிருக்கும் தேதியை நம்பாதீர்கள். சாக்ஸபோனும் பின்பாட்டுப் பெண்களும் சேர்ந்து கேட்டால் 1978 என்று சந்தேகிக்கலாம். அந்தக் குழுவின் சாக்ஸபோன் ஸ்டீவ் டக்ளஸ். 1975-இல் ஸ்கார்லெட் ரிவேராவின் வயலின் முன்னே நிற்கும். ஆனால் வயலினை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, வயலினும் வாசிக்கும் டேவிட் மான்ஸ்ஃபீல்ட் இரண்டு குழுவிலும் இருந்தார். உறுதியில்லாத தேதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

இந்தப் பதிவுகளின் உரிமை இன்னும் உரிமையாளர்களிடமே இருக்கிறது. விற்பது எந்த வகையிலும் சரியில்லை. 1975 ஒத்திகைகளில் ஒரு பகுதி 2019-இல் 14 குறுந்தகட்டுத் தொகுப்பில் முறைப்படி வெளியாகிவிட்டது. அதில் உள்ளவற்றோடு உங்கள் டேப்பை ஒப்பிட்டு, பொருந்துபவற்றை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள். கோப்புகளோடு ஒரு குறிப்பும் இருக்கட்டும்: டேப் வகை, டெக், டால்பி நிலை, போட்ட திருத்த சதவீதம், எந்த ஹம்மை அல்லது எந்த ஸ்வரத்தை வைத்து அதைக் கணக்கிட்டீர்கள் என்பது.