டிஸ்க்கில் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டு மாதிரி டிஸ்க்கை வீசிக் கூடையில் போடும் விளையாட்டு, ஆடுகிறவர்கள் புது டிஸ்க்கை எடுத்ததும் அடியில் எழுதியிருக்கும் கிராமைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது பாதி விஷயம். 175 கிராம் புட்டரும் 175 கிராம் டிரைவரும் தராசில் ஒன்றுதான், காற்றில் வேறு வேறு. கூடைக்குப் பக்கத்திலிருந்து வீசும் புட்டருக்கு விளிம்பு ஒல்லி, நடுத்தட்டில் நல்ல பங்கு எடை பரவியிருக்கும். தூரத்துக்கு வீசும் டிரைவரின் விளிம்பு 2 சென்டிமீட்டரையும் தாண்டும், எடையும் அங்கேதான் குவிந்திருக்கும்.

பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான் இது, அதாவது ஒரு பொருளின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்கிற அளவு. எடையும் ஆரமும் ஒன்றாக இருந்தால் சீரான தட்டைவிட மெல்லிய வளையத்துக்கு அது இரு மடங்கு, நம் டிஸ்க்குகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ வரும். ஓரம் கனத்தால் சுழல வைக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், சுழல ஆரம்பித்துவிட்டால் லேசில் அடங்காது.

இதனால் என்ன லாபம்? வலக்கை பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசினால், மேலிருந்து பார்க்க டிஸ்க் கடிகாரத் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது தூக்குவிசை மையத்துக்குப் பின்னால் விழுந்து மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அமுக்கப் பார்க்கும், ஆனால் சுழல்கிற பொருள் அந்தத் தள்ளலுக்கு 90 டிகிரி தள்ளித்தான் அசையும் என்பதால் டிஸ்க் வலப்பக்கம் சாய்கிறது. அதுதான் டர்ன். வேகம் குறைந்ததும் தூக்குவிசை முன்னால் நகர்ந்து இடப்பக்கம் சாய்க்கும், அது ஃபேட். காற்றின் தள்ளல் அதே அளவுதான் என்றாலும், சுழற்சி உந்தம் கூடக்கூட இந்தச் சாய்வு மெதுவாகத்தான் வரும், நீங்கள் விட்ட கோணம் அவ்வளவு தூரம் நிற்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மோல்ட் (வார்ப்பு வடிவம்), ஒரே பிளாஸ்டிக், ஒரே எடையில் இரண்டு டிஸ்க்கை எடுத்து நடுத்தட்டைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். எது சுலபமாக அமுங்குகிறதோ அதன் தட்டு பெரும்பாலும் மெல்லிசு, மிச்ச எடை விளிம்பில். பிளாஸ்டிக் வேறென்றால் இந்தச் சோதனை செல்லாது, மிருதுவான பிளாஸ்டிக் எப்படியும் அமுங்கும். எம்.வி.பி. நிறுவனத்தின் டிஸ்க்குகளில் ஓரத்தில் அடர்த்தியான இன்னொரு பிளாஸ்டிக்கை வார்த்திருப்பதால் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னோவா நிறுவனத்தின் பிளிசர்ட் வகை பிளாஸ்டிக் இதற்கு நேர் எதிர், நுண்ணிய காற்றுக் குமிழ்களைக் கலந்து எடையைக் குறைத்திருப்பார்கள்.

அப்புறம் காற்றில்லாத நேரத்தில் இரண்டையும் இடுப்பு உயரத்தில், மட்டமாக, முழு பலம் போடாமல் மாற்றி மாற்றி வீசுங்கள். தூரத்தை விடுங்கள், டர்ன் எங்கே ஆரம்பிக்கிறது, ஃபேட் எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். எதிர்காற்றிலும் ஒருமுறை பாருங்கள், அங்கே வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஓரத்தில் எடையை நாமே ஒட்டிக்கொள்ளலாமா என்றால், போட்டியில் கூடாது. பறக்கும் தன்மையை மாற்றும் எந்த வேலையையும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ.வின் விதிகள் அனுமதிப்பதில்லை, வார்ப்பில் வந்த பிசிறை லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.