உணவு இழப்பை அளப்பது எப்படி: தக்காளிப் பெட்டியிலிருந்து தேசியப் புள்ளிவிவரம் வரை

உணவு இழப்பைப் பற்றி ஆய்வு செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முன்னுரையிலேயே சறுக்கிவிடுகிறார்கள். உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று ஒரு வரி, இந்தியாவில் தக்காளி இழப்பு 12 சதவீதம் என்று அடுத்த வரி. முதல் கணக்கு வயலில் தொடங்கி சாப்பாட்டுத் தட்டு வரை போகிறது. இரண்டாவது சந்தையோடு நின்றுவிடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

எனவே தராசைத் தொடுவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காலம்? எந்தப் பொருள், அதில் தோல், கொட்டை, எலும்பு சேருமா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கழித்தது எங்கே போனது? நான்காவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாட்டுக்குப் போன சோறும் குப்பைமேட்டுக்குப் போன சோறும் எல்லா வரையறைகளிலும் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. போன இடத்தைக் குறித்து வைத்திருந்தால் பிறகு எந்த வரையறைக்கும் மாற்றிக்கொள்ளலாம். குறிக்காமல் விட்டதைத் திரும்பப் பெற வழியில்லை.

வயலிலிருந்து மண்டி வரை

தக்காளியை எடுத்துக்கொள்வோம். விவசாயியிடம் எவ்வளவு வீணாகிறது என்று கேட்டால் மோசமான நாளின் கணக்குதான் வரும், மனதில் தங்குவது அதுதான். எடை போட்டே ஆக வேண்டும்.

பறிக்கும் இடத்தில் பத்துப் பெட்டிகளுக்கு அடையாளச் சீட்டு கட்டுங்கள். வெறும் பெட்டியின் எடையை ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுங்கள், நனைந்த பெட்டிக்கும் காய்ந்த பெட்டிக்கும் வித்தியாசம் வரும். பெட்டிக்கு 14 கிலோ, 25 கிலோ என்று ஊருக்கு ஊர் மாறுவதால் 'ஒரு பெட்டி' என்பதை அளவாக எழுதாதீர்கள். வண்டியில் ஏற்றும்போது அடையாளமிட்ட பெட்டிகளை அடியில், நடுவில், மேலே என்று பிரித்து வையுங்கள். மேலே இருப்பதை மட்டும் இறக்கி அளந்தால் இழப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், நசுங்குவது அடி வரிசைதான்.

மண்டியில் இறக்கியதும் முதலில் மொத்த எடை, பிறகு தரம் பிரிப்பு. நல்லது, விலை குறைத்து விற்கக்கூடியது, கொட்டவேண்டியது என மூன்று குவியல். கொட்டுவதை மறுபடியும் சொத்தை, வெடிப்பு, நசுங்கல், அழுகல் என்று பிரித்து எடை போடுங்கள். காரணம் இங்கேதான் தெரியும். நசுங்கல் மிகுந்தால் பெட்டியின் விளிம்புக்கு மேல் குவித்து அடுக்கியிருக்கிறார்கள். அழுகல் மிகுந்தால் செங்காயாகப் பறிக்காமல் முழுப்பழமாகப் பறித்தார்களா, உச்சி வெயிலில் ஏற்றினார்களா என்று விசாரியுங்கள். பாதி விலைக்கு விற்றது எடை இழப்பாகாது. அது தர இழப்பு, அதற்கு அட்டவணையில் தனிப் பத்தி.

புறப்பட்டபோது 25 கிலோ, மண்டியில் 24.6 கிலோ, கொட்டியது ஒன்றுமில்லை என்றால், அந்த 400 கிராம் ஆவியான நீர். அதை அழுகலோடு கூட்டிவிடக் கூடாது. நெல்லில் இந்தத் தவறு இன்னும் பெரிது. 20 சதவீத ஈரத்தில் அறுத்த 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோதான் இருக்கும் (100 × 80 ÷ 86). குறைந்த ஏழு கிலோவும் தண்ணீர், ஒரு மணி நெல்லும் போகவில்லை. ஆகவே ஈரமானி இல்லாமல் தானிய இழப்பை அளக்கப் போகாதீர்கள். எல்லா எடையையும் ஒரே ஈரப்பதத்துக்கு மாற்றிய பிறகே கழியுங்கள். உமியும் தவிடும்கூட இழப்பில் சேராது. அரவையில் உடைந்து தவிட்டோடு போன அரிசி சேரும்.

ஒவ்வொரு கட்டத்தின் சதவீதத்தையும் கூட்டக் கூடாது. எடுத்துக்காட்டாக, மூன்று கட்டங்களில் 10, 15, 10 சதவீதம் போனால் மொத்தம் 35 அல்ல. 0.90 × 0.85 × 0.90 = 0.6885, அதாவது இழப்பு 31 சதவீதத்துக்குச் சற்று மேல். பின்னால் வரும் சதவீதம் மிஞ்சியதன் மீது வருவதுதான் காரணம்.

எத்தனை மாதிரி போதும்? முன்னோட்டமாகச் சில பெட்டிகளை அளந்து திட்ட விலக்கத்தை, அதாவது பெட்டிக்குப் பெட்டி இழப்பு எவ்வளவு சிதறுகிறது என்பதைப் பாருங்கள். அது 4 சதவீதப் புள்ளி என்றும், விடை ஒரு புள்ளிக்குள் சரியாக இருக்கவேண்டும் என்றும் வைத்தால் (1.96 × 4 ÷ 1)² = 61.5, அதாவது 62 பெட்டிகள் (1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கான எண்). ஒரே வண்டியின் 62 பெட்டிகள் இதற்கு ஆகாது. அவை எல்லாம் ஒரே சாலையில் ஒரே குலுக்கலை வாங்கியவை. பல வண்டிகள், பல நாட்கள் வேண்டும்.

விடுதிச் சமையலறை

முதலில் மூன்று வாளிகள்: நறுக்கும்போது கழிந்தது, பாத்திரத்தில் மிஞ்சியது, தட்டில் விட்டது. தட்டுக் கழிவில் கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, எலும்பு ஆகியவற்றுக்கு இன்னொரு வாளி. குறைந்தது ஏழு நாட்கள் தொடர்ச்சியாக, எல்லா வேளையும் அளக்கவேண்டும். ஞாயிறு பிரியாணியும் செவ்வாய் உப்புமாவும் ஒரே அளவில் மிஞ்சுவதில்லை. அளக்கிறார்கள் என்று தெரிந்ததுமே பலர் குறைவாகப் பரிமாறிக்கொள்வார்கள். அதனால் முதல் ஓரிரு நாள் கணக்கைத் தனியாக வைத்து, பின்வரும் நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாம்பார் ஊறிய சோற்றின் எடையை அரிசி எடையாக எழுதிவிடக் கூடாது. அந்தச் சமையலறையிலேயே ஒரு கிலோ அரிசி எத்தனை கிலோ சோறாகிறது என்று எடை போட்டு, அந்த எண்ணால் வகுங்கள். புத்தகத்தில் இருக்கும் எண் பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் ஒன்றாகப் பொருந்தாது. தண்ணீர் ஊற்றி மறுநாள் பழையதாகச் சாப்பிட்டதை வீணில் சேர்க்கவே கூடாது.

வீடுகளில், கொட்டியதை அவர்களே அன்றன்று எழுதிவைக்கும் நாட்குறிப்பு முறை எளிது. ஆனால் குப்பையைப் பிரித்து எடை போட்டால் வருவதைவிட அதில் பெரும்பாலும் குறைவாகவே வரும். ஒரு பகுதி வீடுகளிலாவது இரண்டையும் செய்து, வித்தியாசத்தைக் கொண்டு மற்றதைத் திருத்துங்கள்.

தேசிய எண்கள்

இந்தியாவுக்கு அறுவடைக்குப் பிந்தைய இழப்பில் நம்பகமான இரண்டு ஆய்வுகள் உண்டு. லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐ.சி.ஏ.ஆர்-சிஃபெட் 2015-இல் வெளியிட்டது ஒன்று, நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் 2022-இல் முடித்தது மற்றொன்று. பின்னதில் தானியம் 3.89 முதல் 5.92 சதவீதம், பழங்கள் 6.02 முதல் 15.05, காய்கறி 4.87 முதல் 11.61, பால் 0.87. வீட்டில் வீணாவது இதில் இல்லை. அதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையைப் பார்க்கவேண்டும். 2022-இல் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்து உலகில் 105 கோடி டன் வீணானது என்றும், அது நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 சதவீதம் என்றும் அது சொல்கிறது. இந்திய வீடுகளுக்கு ஆண்டுக்கு ஆளுக்கு 55 கிலோ. கடைக்கு முன்பே போவது சுமார் 13, 14 சதவீதம் என்கிறது உணவு வேளாண் அமைப்பு. இதையும் 19-ஐயும் கூட்டி 33 என்று போடுகிறார்கள். இரண்டின் அடிப்படையும் வேறு, அந்தக் கூட்டல் செல்லாது.

மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதற்கு வீட்டு நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பு. 2022-23 சுற்றில் சுமார் 2.6 லட்சம் வீடுகள். வீடுவாரித் தரவைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். எடை மடங்கை (கணக்கெடுத்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்ணை) பயன்படுத்தாமல் சராசரி போட்டால் விடை தவறாகவே வரும். காய்கறி, பழம், மீன், முட்டைக்குக் கடந்த 7 நாள் நுகர்வை நினைவிலிருந்து கேட்கிறார்கள், தானியத்துக்கு 30 நாள். இரண்டையும் மாதக் கணக்குக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். 2011-12 சுற்றில் கேள்வித்தாள் அமைப்பே வேறு. 2022-23-இல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று கேட்டார்கள். எனவே இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் கோடு இழுத்துப் போக்கு என்று சொல்லும்போது இதைக் குறிப்பிடுவது கடமை.

கிராமப்புறச் செலவில் தானியத்தின் பங்கு 1999-2000-இல் 22 சதவீதத்துக்கு மேல், 2022-23-இல் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அதனால் சோறு சாப்பிடுவதையே விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். இது பணத்தின் பங்கு. ரேஷன் அரிசி விலையும், மற்ற செலவுகள் பெருகியதும் இதில் அடங்கும். தானியத்தின் அளவும் குறைந்துதான் வருகிறது, ஆனால் அந்த வேகத்தில் இல்லை. உண்ணும் போக்கை அறிய கிலோ கணக்கு உள்ள அட்டவணையை எடுங்கள். சத்து கணக்கிடுவதானால் தோல், சக்கை எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்திய உணவுக் கூறு அட்டவணை தருவது உண்ணும் பகுதியின் 100 கிராமுக்கான மதிப்பு.

இழப்பையும் உண்ணும் போக்கையும் இணைக்கும்போது பெருக்காதீர்கள், வகுங்கள். வீட்டுக்கு 2 கிலோ தக்காளி வர, 11.61 சதவீத இழப்பில் 2 ÷ 0.8839 = 2.26 கிலோ விளையவேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு குடும்பம் 12 கிலோ தானியமும் 4 கிலோ காய்கறியும் வாங்குகிறது என்று வையுங்கள். தானிய இழப்பு 5, காய்கறி இழப்பு 11 சதவீதம் என்றால், இதே போல வகுத்துப் பார்க்கையில் கூடையின் மொத்த இழப்பு 6.6 சதவீதம். அதே குடும்பம் 9 கிலோ தானியம், 7 கிலோ காய்கறிக்கு மாறினால் 7.7 ஆகிறது. எந்தப் பொருளின் இழப்பு வீதமும் மாறவில்லை, தட்டுதான் மாறியது. உணவு நல்ல திசையில் மாறும்போதே மொத்த இழப்பு இப்படி ஏறும். இதைப் பார்க்காமல் 'இழப்பு அதிகரித்துவிட்டது, குளிர்பதனக் கிடங்குகள் தோற்றுவிட்டன' என்று எழுதுவது அநியாயம். எனவே இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் அட்டவணையில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடுங்கள்: பழைய ஆண்டின் கூடையை வைத்துக்கொண்டு, புதிய ஆண்டின் இழப்பு வீதத்தில் கணக்கிட்டது. அதற்கும் பழைய ஆண்டின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே சேமிப்பு, போக்குவரத்தில் உண்மையில் நடந்த மாற்றம். மீதி உணவுப் பழக்கத்தால் வந்தது.