கரண்ட் போவதற்கு முன் செய்ய வேண்டியவை

வேலூர் வெயிலில் கரண்ட் போனால் ஃபேன் நிற்பதைவிடப் பெரிய தொல்லை, மோட்டார் ஓடாமல் தொட்டி காலியாவதுதான். பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்தால், காலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லையா? சில நூறு ரூபாய்க்கு பேட்டரி உள்ள எல்இடி பல்பு கிடைக்கிறது. சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம். கரண்ட் போனதும் தானாக எரியும். சுவிட்ச் மட்டும் ஆனில் இருக்க வேண்டும். சமையலறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று போதும். மெழுகுவத்தியை நான் நம்புவதில்லை, அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். கதவைத் திறக்காவிட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். ஃப்ரீசரில் முக்கால்வாசி நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்திருந்தால், ஒன்றை எடுத்துப் பால் பாக்கெட் பக்கத்தில் வைக்கலாம்.

புகாருக்கு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். இருட்டில் பழைய பில்லைத் தேடாமல், இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.