கடுங்குளிரில் ஸ்டீல்ஹெட்: பல்க்லி ஆற்றுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்கில், ஸ்மிதர்ஸ் ஊரை ஒட்டி ஓடுகிறது பல்க்லி ஆறு. ஹேசல்டன் அருகே ஸ்கீனா ஆற்றில் கலக்கிறது. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளரும் ரெயின்போ ட்ரௌட் மீன். அது கோடைக் கடைசியில் இந்த ஆற்றில் ஏறி, குளிர்காலம் முழுவதும் இங்கேயே கிடந்து, வசந்தத்தில் முட்டையிடும். வழக்கமாக அக்டோபரில் மழைக்குத்தான் தயாராகப் போவோம். இந்த முறை மாதம் முடிவதற்குள்ளேயே நடுப்பகலிலும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. வழிகாட்டியோடு போயும், குளிரால் மாற்றிக்கொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. அவற்றை மட்டும் எழுதுகிறேன். ஸ்பே கம்பை (இரண்டு கையாலும் வீசும் நீளமான தூண்டில் கம்பு) வீசத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உரிமம்

வெளியூர்க்காரர்களுக்குச் சாதாரண மீன்பிடி உரிமம் மட்டும் போதாது. செப்டம்பர், அக்டோபரில் பல்க்லிக்கு என்று வகைப்படுத்தப்பட்ட நீர்நிலை உரிமமும், ஸ்டீல்ஹெட் கூடுதல் கட்டணமும் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில்தான் அனுமதி. காட்டு ஸ்டீல்ஹெட்டைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும்.

2. உடை

உள்ளே மெரினோ கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் வேடர் (ஆற்றில் இறங்கி நிற்க அணியும் நீர்புகா உடை). பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், ஈரமானால் காயவே காயாது. இரண்டு ஜோடி தடித்த சாக்ஸைத் திணித்துப் பூட்ஸை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு ஜோடி போதும், விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும். அடிப்பாகம் ஃபெல்ட் வைத்த பூட்ஸ் பனியில் உதவாது; கரையில் நாலு அடி வைப்பதற்குள் அடியில் பனி உருண்டை கட்டிவிடும். ஆணி வைத்த ரப்பர் அடிதான் என் தேர்வு.

3. நேரம்

விடிவதற்கு முன் ஆற்றில் நிற்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். 2 டிகிரி நீரில் அது தூண்டிலைத் துரத்தி வராது. காலையில் ஆற்றில் கூழ்ப்பனி வேறு மிதந்து வந்து லைனில் (தூண்டில் நூலில்) சிக்கும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் நல்ல நேரம். நீர் அரை டிகிரி ஏறினால்கூட மீனிடம் மாற்றம் தெரியும். நீரில் போடும் வெப்பமானி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். வழிகாட்டி "இன்னொரு காபி குடிக்கலாம்" என்றால் சோம்பலில் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

4. வளையத்தில் உறையும் பனி

புதிதாக வருகிற எல்லாரும் சிக்குகிற இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

லைனை இழுக்கும்போது அதோடு மெல்லிய நீர்ப்படலமும் வருகிறது. கம்பின் வளையங்கள் அந்த நீரை வழித்து எடுத்துக்கொள்கின்றன. காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அது அங்கேயே உறையும். முதலில் நுனி வளையத்தின் உள்விளிம்பில் மணிபோல ஒரு வெள்ளைத் துளி தெரியும். நாலைந்து வீச்சுக்குப் பிறகு ஓட்டை பாதியாகக் குறைந்திருக்கும். வீச்சு தடைபடுவது பெரிய பிரச்சினை இல்லை. அந்த நேரத்தில் ஐந்து கிலோ மீன் கடித்து ஓடினால் லைன் வெளியே போகாது, அறுந்துவிடும்.

நகத்தால் சுரண்டாதீர்கள், கம்பைக் காலில் தட்டாதீர்கள். கார்பன் கம்பின் நுனி முறிவது இப்படித்தான். ஆற்றுநீர் காற்றைவிடச் சூடாக இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கம்பின் மேற்பாதியை நீருக்குள் நுழைத்துப் பத்துப் பதினைந்து வினாடி வைத்திருந்து, மெதுவாக அசைத்து எடுங்கள். பனி தானாக உருகிப் போகும். ரீல் (லைனைச் சுற்றி வைக்கும் சக்கரம்) நனையக் கூடாது. உள்ளே நீர் புகுந்து டிராக் (ரீலின் பிரேக்) உறைந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

உதட்டுக்குப் பூசும் தைலத்தை வளையங்களில் தடவலாம். கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் மறுபடி தடவ வேண்டும். அதைவிட, லைனை இழுப்பதையே குறைப்பது நல்ல வழி. இதற்காகத்தான் ஒற்றைக்கைக் கம்பை விட்டுவிட்டுப் பதின்மூன்று அடி ஸ்பே கம்பும் ஸ்காகிட் தலையும் (லைனின் குட்டையான, கனமான முன்பகுதி) கொண்டுவரச் சொல்கிறேன். ஒரே நீளத்தில் வீசி, நாலு பிடி மட்டும் இழுத்து, மறுபடி வீசலாம். தலைக்குப் பின்னால் வரும் மெல்லிய ரன்னிங் லைனில், மேல்பூச்சுள்ளதைவிட மோனோஃபிலமென்ட் (ஒற்றை இழை நைலான்) குறைவான நீரையே கொண்டுவருகிறது. விறைத்த விரலுக்கு அது வழுக்கும்தான், ஆனாலும் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

5. வீச்சு

குளிர்ந்தால் மேலே மழைக்குப் பதில் பனி விழும், ஆறு வற்றித் தெளியும். மீன் வேகமான ஓட்டத்தை விட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் நீர் ஓடும் மடுவோரங்களுக்கு வந்துவிடும். நன்றாக மூழ்கும் டிப் (லைனின் நுனித் துண்டு), அதன் முனையில் மூன்று நாலு அடி லீடர் (மெல்லிய நூல்), கறுப்போ ஊதாவோ ஒரு இன்ட்ரூடர் (பெரிய ஃபிளை, அதாவது இறகு போன்றவற்றால் கட்டிய போலி இரை) போதும். ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுங்கள். லைனை நீரோட்டத்தின் மேல்திசைப் பக்கமாக ஒருமுறை புரட்டிவிட்டு, ஃபிளை மெல்ல வளைந்து வரட்டும். கரைப்பக்கம் வந்து நின்றதும் உடனே இழுக்காமல் பத்து வினாடி தொங்க விடுங்கள். குளிரில் பாதிக் கடிகள் அங்கேதான். அப்புறம் இரண்டு எட்டு கீழே இறங்கி அடுத்த வீச்சு.

கடிக்கும்போது கம்பை மேலே தூக்காதீர்கள். மீன் திரும்பி ரீலிலிருந்து லைன் போகத் தொடங்கியதும், கம்பைத் தாழ்வாகக் கரைப்பக்கம் இழுத்தால் தூண்டில் வாயோரத்தில் பதியும்.

6. விடுவிப்பது

2021-ல் ஸ்கீனாவுக்கு வந்த ஸ்டீல்ஹெட் அவ்வளவு குறைவாக இருந்ததால், அந்த அக்டோபரில் அரசே மீன்பிடிப்பை மூடியது. இந்த மீன் பசிபிக் சால்மன்போல முட்டையிட்டதும் செத்துப்போவதில்லை, சில மீன்கள் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பி வரும். அதனால் இதில் எனக்குச் சமரசம் கிடையாது. உறைகுளிரில் மீனை நீரைவிட்டு வெளியே எடுக்கவே கூடாது. நனைந்த செவுள் இழைகள் காற்றில் நொடியில் உறையும். ரப்பர் வலையில், செவுள் நீருக்குள்ளேயே இருக்கும்படி வைத்து, தூண்டிலைக் கழற்றுங்கள். கம்பளிக் கையுறையோடு தொட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும், வெறுங்கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். படமும் நீருக்குள் இருக்கும்போதே எடுக்கலாம்.

பின்சேர்க்கை

கையுறை நனைந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். விரல்நுனி திறந்த கம்பளிக் கையுறை மூன்று ஜோடி எடுத்துப் போங்கள். ஒன்று கையில், ஒன்று ஜாக்கெட்டுக்குள், ஒன்று படகில் காய்ந்த பையில்.

இன்னொருவரின் பூட்ஸ் இரவில் வண்டியிலேயே கிடந்து, காலையில் கல்லாகிக் கால் நுழையவில்லையாம். ஆற்றைவிட்டு ஏறியதுமே லேஸை முழுவதும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். அதையும் மீறி உறைந்துவிட்டால், வெதுவெதுப்பான நீரை ஊற்றி இளக்கி அப்படியே போட்டுக்கொள்ளலாம். எப்படியும் ஆற்றில் நனையத்தானே போகிறது.