சுவரோரப் பாத்தியில் என்ன போடலாம்? சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வீடு வாங்கிக் குடிவருபவர்கள் பலர் வளவில் முதலில் கை வைப்பது சுவரோரப் பாத்தியில்தான். களை மண்டிக் கிடக்கும். மழை பெய்தால் சேறு சுவரில் தெறிக்கும். உடனே பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடைக்குப் போய் நாலு மூட்டை மரப்பட்டை மல்ச், அதாவது மண்ணை மூடப் பரப்பும் பொருள், வாங்கிவந்து, சுவரை முட்டக் குவித்துவிடுவார்கள். குவிப்பதற்கு முன் ஒரு தடவை குனிந்து சுவரின் அடியைப் பாருங்கள்.

செங்கல் வீடென்றால், கீழ்வரிசையில் ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்றாக, இரு கற்களுக்கு நடுவே சாந்து பூசாத சந்து இருக்கும். கொத்தனார் மறந்து விட்டதல்ல அது. இங்கே பெரும்பாலான வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் வெறும் போர்வை. கூரையைத் தாங்குவது உள்ளே நிற்கும் மரச்சட்டம். இரண்டுக்கும் நடுவே இறங்கும் நீர் வடியவும் காற்று ஓடவும் விட்ட துளைகள் அவை. வீப் ஹோல் என்பார்கள். அவற்றை மூடினால் ஈரம் உள்ளே தங்கும், கறையானுக்கும் மறைவான வாசல் கிடைத்துவிடும்.

கான்கிரீட் தளத்தில் கட்டிய வீடுகளில், தளத்தின் விளிம்பு 75 மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கறையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். விளிம்பு தெரிந்தால் குழாயும் கண்ணில் படும். கறையான் சேதத்துக்கு வீட்டுக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது என்பதால் இதில் அசட்டை வேண்டாம்.

மின்மீட்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். வீட்டுக்கு என்ன கறையான் தடுப்புச் செய்தார்கள் என்ற அறிவிப்பு அநேகமாக அங்கே ஒட்டியிருக்கும். சுற்றிவர மண்ணில் மருந்து விட்டிருந்தால் அந்த மண்ணைக் கிளறக் கூடாது. கீரையும் அங்கே வேண்டாம்.

சுவரிலிருந்து ஒரு முழத்துக்குச் சரளைக்கல் போடுவதே நல்லது என்பேன். அடியில் பிளாஸ்டிக் விரிக்காமல், நீர் இறங்கும் களைத்துணி விரியுங்கள். முழுப் பாத்தியையும் கல்லால் நிரப்பும் ஆசை மட்டும் வேண்டாம். மேற்குப் பார்த்த சுவரென்றால் சனவரி வெயிலில் கல் கொதிக்கும், பக்கத்துச் செடி கருகும். விழுந்த இலையைக் கல்லிடையிலிருந்து பொறுக்குவது தனித் தண்டனை.

அதற்கு அப்பால் பைன் மரப்பட்டையை 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம். செடித் தண்டைத் தொடாமல் கொஞ்சம் விலக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். மிளகாய், கறிவேப்பிலைக்குக் கரும்புச் சோகை மல்ச் அருமை. ஆனால் சீக்கிரம் மக்கிவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். சிட்னிக்கு மேற்கே நீலமலை (புளூ மவுண்டன்ஸ்) பக்கம், காட்டுத்தீ அபாயமுள்ள இடத்தில் இருந்தால் சுவரருகே பட்டையும் வேண்டாம், சோகையும் வேண்டாம்.

செடியாலேயே தரையை மூட விரும்பினால் பூபியாலா கொடி வெயிலுக்குத் தாங்கும், நிழலுக்கு டைகோண்ட்ரா. டைகோண்ட்ரா முதல் பார்வைக்கு வல்லாரை மாதிரியே இருக்கும். சம்பலுக்குப் பறித்துவிடாதீர்கள்! வல்லாரை இலையின் ஓரம் அரம்போல இருக்கும், மற்றதன் ஓரம் வழவழப்பு. வல்லாரை வேண்டுமென்றால் நர்சரியில் கேட்டு வாங்கி, சுவருக்குத் தூரத்தில் ஈரமான இடமாக நடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று எங்கிருந்தோ வரும் மல்ச்சை இறக்காதீர்கள். 2024 சனவரியில் ரோசெல் பூங்காவில் போட்டிருந்த மறுசுழற்சி மல்ச்சில் அஸ்பெஸ்டாஸ் துண்டுகள் கிடந்தது தெரிந்து பூங்காவையே மூடினார்கள். கடை மூட்டையானாலும் பிரிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டு, தூசி கிளம்பாமல் நீர் தெளித்துக்கொள்ளுங்கள். லீஜனெல்லா கிருமி அந்தத் தூசியோடு நுரையீரலுக்குள் போகக்கூடும்.

கடைசியாக, ஏசியின் நீர்க்குழாய் பாத்திக்குள் சொட்டுகிறதா என்று பார்த்து, சொட்டினால் குழாயை நீட்டித் தள்ளி விடுங்கள். வாடகை வீடென்றால் கல் இறக்குமுன் ஏஜென்டிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வையுங்கள்.