நாய்க்கதை மாலை நடத்துவது எப்படி?

மாலை நேரக் கதைக் கூட்டத்துக்கு நாயின் நன்றி என்று தலைப்பு வைத்தால் எங்கள் வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் ஜப்பானிய நாய் ஹச்சிகோவைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், நல்ல கதைதான். 1925-இல் எஜமான் பேராசிரியர் உவேனோ இறந்த பிறகும் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு அது வந்துகொண்டே இருந்தது, 1935-இல் தான் சாகும்வரை. ஆனால் அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். அதில் மனிதர் செய்ய ஒன்றுமில்லை, அவர்தான் போய்விட்டாரே. எஜமான் உயிரோடு எதிரே நிற்கும் கதைகளில்தான் கூட்டம் சூடு பிடிக்கும்.

அடுத்தது ஆர்கோஸ். ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியில் 17-ஆம் காண்டம். முழுக் கதையையும் விரிக்க உட்காராதீர்கள். போருக்குப் போன ராஜா ஒடிசியஸ் 20-ஆம் வருடம் பிச்சைக்கார வேடத்தில் வீடு திரும்புகிறான், அடையாளம் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. இவ்வளவு போதும். நேராக வாசலுக்கு வந்துவிடுங்கள். அங்கே சாணக் குவியல், அதன்மேல் உண்ணி மொய்த்த கிழ நாய் ஆர்கோஸ். குட்டியில் அதை வளர்த்தவன் இவன்தான். ஒடிசியஸ் பக்கத்தில் வந்தது தெரிந்ததும் வாலை ஆட்டுகிறது, இரண்டு காதையும் தாழ்த்துகிறது, எழுந்து வரத் தெம்பில்லை. இந்த இடத்தில் நீங்கள் குரலைத் தழுதழுக்க விட்டால் காரியம் கெட்டது. சாதாரணமாகச் சொல்லுங்கள். ஒடிசியஸ், கூட வந்த பன்றி மேய்ப்பன் யூமேயஸுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியூர்க்காரன் போல நாயைப் பற்றி விசாரிக்கிறான். எஜமான் இல்லாத வீட்டில் வேலைக்காரர்கள் எதையும் கவனிப்பதில்லை என்று அந்த எஜமானிடமே புலம்புகிறான் யூமேயஸ். இந்தப் பதிலை விட்டுவிடாதீர்கள். நாயைத் தொடாமலே ராஜா போகிறான், நாய் செத்துப்போகிறது. “தொட்டிருக்கலாமா?” என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். பிள்ளைகள் பேசுவார்கள்.

அடுத்து மகாபாரதத்துத் தருமன் கதை. அதை வில்லிபாரதத்தில் தேடி அலையாதீர்கள், அது 10 பருவங்களோடு நின்றுவிடுகிறது. வியாசரில் 17-ஆம் பருவமான மகாபிரஸ்தானிகம் வேண்டும். பாண்டவர்களின் அந்தக் கடைசிப் பயணத்தில் கூடவே வரும் நாய் தருமதேவதை என்பதை முன்னாலேயே உடைக்கக் கூடாது. கூட்டத்தில் இருக்கும் பாட்டிகளிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள். திரௌபதி, சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று வழியில் ஒவ்வொருவராக விழ, தருமன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். அப்படிப்பட்டவன் நாயை விட்டுவிட்டு இந்திரன் தேரில் ஏற மாட்டேன் என்கிறான். இந்திரனும் விடவில்லை: தம்பிகளை விட்டாயே, இதை விட்டால் என்ன? தருமன் பதில்தான் கதையின் உயிர். அவர்கள் இறந்துவிட்டார்கள், என்னால் எழுப்ப முடியாது. உயிரோடு இருந்தபோது நான் யாரையும் விடவில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம்.

சினிமாவுக்கு என் தேர்வு இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘உம்பர்ட்டோ டி’, 1952. வாடகை கட்ட முடியாத ஓய்வூதியக்காரர், ஃப்ளைக் என்ற குட்டி நாய். உம்பர்ட்டோவாக வருபவர் நடிகரே இல்லை, மொழியியல் பேராசிரியர். பிச்சை கேட்கக் கை நீளாமல், நாயின் வாயில் தொப்பியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அவர் ஒளிந்துகொள்ளும் காட்சியைத் தவறவிடாதீர்கள். கடைசியில் நாயைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு முன்னால் போய் நிற்கிறார். அது திமிறி ஓடிவிடுகிறது, அப்புறம் அவரிடம் வர மாட்டேன் என்கிறது. பைன் காயைக் காட்டி விளையாட்டுக் காட்டித்தான் மறுபடி அதன் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார். விசுவாசம் உடைந்து ஒட்டுவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் நான் வேறு பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரயில் காட்சி வேண்டாம், தொப்பிக் காட்சியோடு நிறுத்துங்கள்.

நேரம் மிஞ்சினால் மகாபாரத ஆதிபருவத்துச் சரமை இருக்கிறாள். தப்பே செய்யாத தன் குட்டியை ராஜா ஜனமேஜயனின் தம்பிகள் அடித்ததற்கு, யாகசாலைக்கே வந்து நியாயம் கேட்டுச் சாபம் கொடுத்த தாய் நாய். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.